மற்றப் பக்கத்தால் வந்த சிரிப்பு

காலையில் ஒருநாளும் எனக்குக் கண்ணாடியை விட்டுத் தராத என் அக்கா,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்குத் தெரியாது. நீ இருந்தபோதும் உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. மேலே என் அறையில் இருந்துகொண்டு, கீழே குசினியில் நிற்கிற உனக்கு போனில் மெசேஜ் அனுப்புவேன்: “தேத்தண்ணி.” நீ திருப்பி அனுப்புவாய்: “கால் இல்லையோ?” நமக்கிடையில் நடந்த கடிதப் போக்குவரத்து அவ்வளவுதான்.

இப்போது எழுதுகிறேன். அதுவும் லண்டனில் நம் ஆட்கள் எல்லாரும் வாசிக்கிற பத்திரிகையில். காரணம் இருக்கிறது. நான் செய்த பிழை அவர்கள் எல்லாருடைய வீட்டுக்கும் போயிருக்கிறது. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுத்தோமே நினைவுமலர், கல்வெட்டு என்று சொல்வார்களே, அதன் அட்டையில் இருக்கிற உன் படம் பிழை. அது தெரியாமல், அம்மாவுக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று அதே வீடுகளுக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னவனும் நான். எல்லாருக்கும் முன்னால் சொன்னதை எல்லாருக்கும் முன்னால்தானே திருப்பி எடுக்க வேண்டும்?

முதலில் இருந்து சொல்கிறேன். நடுவில் குறுக்கே பேசாதே. இப்போது உன்னால் முடியாது என்பதும் தெரியும்.

நீ போன பிறகுதான் பார்த்தோம், உன் படம் ஒன்றுமே எங்களிடம் இல்லை. கமெராவைக் கண்டால் கையால் முகத்தை மறைப்பது உன் பழக்கம். எத்தனையோ கலியாண அல்பங்களில் உன் கை இருக்கிறது, முகம் இல்லை. “அட்டைக்கு அவளின்ர கையையோ போடுறது?” என்று சித்தி கேட்டார். அழுதுகொண்டே கேட்டார். நான் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்திருப்பாய்.

உன் மேசை லாச்சிக்குள் ஓர் உறை கிடைத்தது. அதற்குள் நெகட்டிவ் துண்டு ஒன்று, நாலு படங்கள். உன்னோடு மருந்துக்கடையில் வேலை செய்த சிநேகிதி தன்னுடைய பழைய பிலிம் கமெராவில் ஈஸ்ட் ஹாமில் வைத்து எடுத்தவை. மூன்றில் வழக்கம்போல் உன் கை. நாலாவதில் நீ ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றாய். கைக்கு வேறு வேலை இருந்ததால் முகம் அகப்பட்டுவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தாய்.

என் வேலை உனக்குத் தெரியும். பெரிய ஸ்கானர்களைப் பொருத்துவது, பழுதானால் திருத்துவது. ஒரு நெகட்டிவை ஸ்கான் செய்வது எனக்குப் பல் தீட்டுகிற மாதிரி. அச்சகத்துக்கு அன்றைக்கே கொடுக்க வேண்டியிருந்தது. துண்டைச் செருகினேன். ஸ்கான் செய்தேன். உன் தலையையும் கழுத்தையும் சுற்றி வெட்டினேன். கையையும் ரோல்ஸையும் பின்னால் மங்கலாக இருந்த சேலைக்கடையையும் அழித்தேன். செத்துப்போன நம் ஆட்கள் எல்லாருக்கும் போடுகிற அதே நீல வானத்தையும் வெள்ளை மேகத்தையும் பின்னால் போட்டேன். இருபது நிமிடத்தில் முடித்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

“அப்பிடியே உயிரோட நிக்கிற மாதிரியெல்லே இருக்கு” என்றார் சித்தி. வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு முடிகூடப் பிசகவில்லை என்று நினைத்தேன்.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. படத்தைக் கையில் வாங்கினார். அடுத்த வீட்டுத் தபால் நம் கதவுக்குள் விழுந்தால் பெயரை ஒருமுறை பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். திருப்பி என்னிடமே தந்துவிட்டார்.

பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாசல் நடையில் மாட்டினேன். அம்மா விளக்கு வைத்தார், மாலை போட்டார், செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். ஆனால் அழவில்லை. மூடின பெட்டியில் உன்னைத் தகனத்துக்குக் கொண்டுபோன அன்றைக்கும் அழவில்லை, அந்தியேட்டியிலும் அழவில்லை. “மனசு கல்லாப் போச்சு” என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அம்மா அந்தப் படத்துக்கு முன்னால் நிற்பார், பிறகு போய்விடுவார். பஸ் வருகிறதா என்று பார்க்கிறவர்கள் நிற்பது போல.

ஒரு சனிக்கிழமைக் காலை. நான் மேலே முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கீழே அம்மா யாருடனோ கதைப்பது கேட்டது. வாசலில் யாரும் வந்திருக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். ஏனென்றால் அம்மா “நீர்” போட்டுக் கதைத்தார். புதிதாகப் பழகுகிற ஆட்களோடுதான் அம்மா அப்படிக் கதைப்பார். உன்னோடு எப்போதும் “எடியே”தானே.

“குளிருதோ பிள்ளை உமக்கு? இந்தக் கதவாலை காத்து வரும்.” பிறகு, “உம்மட வீட்டில தேட மாட்டினமே? உம்மட அம்மா எங்கையெண்டு தேடிக்கொண்டு திரிவாவே?”

நான் படியில் இறங்கி வந்தேன். வாசலில் யாரும் இல்லை. அம்மா உன் படத்தின் கண்ணாடியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, ஆரோடை கதைக்கிறியள்?”

“இந்தப் பிள்ளையோடை.”

“அது அக்கா.”

“அப்பிடித்தான் நீங்கள் எல்லாரும் சொல்லுறியள்” என்றார். கோபமே இல்லை. எங்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பாவப்பட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல்.

அன்றைக்குப் பிறகு அந்த நடையைக் கடக்கும்போது என் முதுகு கூசத் தொடங்கியது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் நீ. சப்பாத்தைக் கழற்றக் குனிந்தால் மேலே நீ. நீதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா கேட்ட கேள்வி காதுக்குள் நின்றது. யாருடைய பிள்ளை? எங்கே தேடுகிறார்கள்? நான் பொறியியல் படித்தவன். இந்த மாதிரிச் சங்கதிகளை நம்புகிறவன் இல்லை. இருந்தும் ஒரு கிழமை, ஏழு நாளும், பின்கதவால் வந்து போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

இந்தப் பங்குனியில் உன் ஆட்டைத் திவசம், நீ போய் முதல் வருடம், வந்தது. அம்மா விடியவே எழும்பிச் சமைத்தார். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, உழுந்து வடை, உனக்குப் பிடித்ததெல்லாம். ஐயர் வந்து செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போனார். படையல் இலையை அம்மா தூக்கிக்கொண்டு வந்தார். படத்துக்கு முன்னால் நாங்கள் எல்லாரும் கை கூப்பி நின்றோம். அம்மா எங்களைக் கடந்து, படத்தையும் கடந்து குசினிக்குள் போய், நீ எப்போதும் இருக்கிற கதிரையில் இலையை வைத்தார்.

“பெரியக்கா, படத்துக்கு முன்னாலை வையுங்கோ” என்றார் சித்தி.

“வழியிலை போற பிள்ளைக்கும் நான் சோறு குடுப்பன்” என்றார் அம்மா. “அது வேற. என்ர பிள்ளையின்ர படையலை ஏன் நான் இன்னொருத்திக்குக் குடுக்கிறது?”

வீடு நிறைய ஆட்கள். பின்னுக்கு நின்ற யாரோ மெல்லிய குரலில், “பாவம், புத்தி பேதலிச்சு விசராக்கிப்போட்டுது” என்றது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டால் அம்மாவுக்கும் கேட்டிருக்கும்தானே?

அடுத்த கிழமை அம்மாவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். தேவையில்லை, நான் இருக்கிறேன் என்றேன். இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும், அக்கா. படத்தில் நடந்தது கவனக்குறைவு. இது அப்படியில்லை.

டொக்டர் இளம்பெண், பொறுமையாகத்தான் கேட்டார். அம்மாவும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகத்தான் சொன்னார். “முகம் அவளின்ர முகந்தான். நெத்தி, மூக்கு எல்லாம் அவளின்ரதான். சிரிப்புத்தான் மற்றப் பக்கத்தாலை வருது. என்ர பிள்ளை சிரிச்சா முதல் இஞ்சாலைதான் தூக்கும்.” தன் வாயின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். “இது அங்காலை தூக்குது. சின்னக் கண்ணும் மற்றப் பக்கத்திலை கிடக்கு. நான் பெத்த முகம் எனக்குத் தெரியாதே?”

டொக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு இரண்டு மணிக்குக் குரொய்டனில் வேலை.

“படத்தில் இருப்பது தன் மகள் இல்லை என்கிறார்” என்றேன், ஆங்கிலத்தில்.

“நிறையச் சொன்னாரே. அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் தட்டச்சு செய்தார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். அம்மாவின் ஆங்கிலம் கடைக்குப் போய்வரப் போதும். ஐந்து நிமிடம் சொன்னது ஐந்து சொல்லாகிப் போனால் ஏதோ விடுபட்டுவிட்டது என்று விளங்கவும் அது போதும்.

மாத்திரை கொடுத்தார்கள். ஞாபக மறதிக்கான கிளினிக் ஒன்றுக்கும் எழுதிப்போட்டார்கள். மாத்திரையைப் போட்டால் அம்மா பகலிலும் கதிரையில் இருந்தபடியே நித்திரை. கோயிலுக்கு வருகிறீர்களா என்று சித்தி கேட்டால், “ஏலாது” என்பார். படத்தோடு கதைப்பது நின்றுவிட்டது. “நல்லா அமைதியாயிட்டா, மருந்து வேலை செய்யுது” என்று எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னேன். அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தார். கண் மூடியிருந்தது. நித்திரையா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.

ஆனி மாதம் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. பழைய அச்சுப்படங்களை வைத்திருக்கிற பகுதி. அங்கே ஒரு புது ஸ்கானரைப் பொருத்திச் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பொறுப்பாக ஹெலன் என்று ஒரு பெண்மணி, ஓய்வு பெறப் போகிற வயது. நான் உள்ளே போனதும் சொன்ன முதல் வார்த்தை, “மேசையில் சாயாதீர்கள்.” இரண்டாவது வார்த்தை, “படத்துக்கு நேரே மூச்சும் விடாதீர்கள்.”

“ஏதாவது ஒரு படத்தைத் தாருங்கள். எதென்றாலும் பரவாயில்லை. எனக்கு அவசரம்” என்றேன்.

“இங்கே எதென்றாலும் என்று ஒரு படமும் இல்லை” என்று சொல்லிக்கொண்டே ஒரு பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தார். தபாலட்டை அளவு. டென்மார்க்கைச் சேர்ந்த ஒருவர் போன நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் செய்தது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறலை அமிலத்தால் ஆழமாக்கி, மை பூசிக் காகிதத்தில் அழுத்தி எடுப்பார்களாம். படத்தில் இருந்தது அவருடைய அக்கா.

எனக்குப் படங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோடு தெளிவாக விழுகிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். அதற்காகத் திரையில் பெரிதாக்கினேன். ஜன்னலோரம் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறாள். பின்கழுத்தில் கொஞ்ச முடி அவிழ்ந்து விழுந்திருக்கிறது. தம்பி எதிரே இருந்து கீறுகிறான் என்பதே அவளுக்குக் கவனமில்லை. வீட்டு ஆட்களுக்கு முன்னால் மட்டும் வருகிற முகம் அது. வேலைச் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறபோது நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு இருப்பாயே, அந்த மாதிரி. என் கை மவுஸில் அப்படியே நின்றுவிட்டது.

பிறகு கீழ் மூலையைப் பார்த்தேன். அவனுடைய பெயரின் முதலெழுத்துகளும் வருடமும் இடம் வலம் மாறிக் கிடந்தன. எனக்கு எரிச்சல் வந்தது. புது மெஷின், அதற்குள் பிழை. செட்டிங்ஸைத் தேடினேன். எல்லாம் சரியாக இருந்தது.

“மெஷின் படத்தைத் திருப்பிப் போடுகிறது. கொஞ்சம் பொறுங்கள்” என்றேன்.

“மெஷினை ஏன் திட்டுகிறீர்கள்? காகிதத்தைப் பாருங்கள்.”

பார்த்தேன். காகிதத்திலும் எழுத்து அப்படித்தான் இருந்தது.

“அக்காவைப் பார்த்துப் பார்த்து அப்படியே தகட்டில் கீறிவிட்டான்” என்றார் ஹெலன். “அச்செடுத்தால் பக்கம் மாறிவிடும். சில பேர் அதற்காக முதலே மாற்றிக் கீறுவார்கள். இவன் தன் பெயரைக்கூட மாற்றி எழுதவில்லை. இடக்கையால் தைக்கிற மாதிரி இருக்கிறாள், பார்த்தீர்களா? உண்மையில் அது வலக்கை.”

“அப்படியென்றால் இது அவளுடைய முகமே இல்லையே.”

“அவளுக்கு இதுதான் முகம். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம் அல்லவா?” படத்தை எடுத்து உறைக்குள் வைத்தார். பெட்டியை மூடிக்கொண்டே, பெரிதாக ஒன்றும் நினைக்காமல், “ஆனால் தாய் கண்டுபிடித்திருப்பாள்” என்றார்.

அக்கா, நான் மேசையில் சாய்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

மற்ற வேலைகளுக்குப் போகவில்லை. வால்தம்ஸ்டோ வந்து, ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்கு ஓடினேன். நடுப்பகல். அம்மா கதிரையில் நித்திரை. உன் லாச்சியில் இருந்து நெகட்டிவை எடுத்துக்கொண்டு போய்க் குசினி ஜன்னலில் பிடித்தேன். பிலிமின் ஓரத்தில் கம்பனி அடித்திருக்கிற எழுத்தை நேராக வாசிக்கக்கூடிய மாதிரிப் பிடித்தால் படமும் நேராக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருகிற விஷயம். அப்படிப் பிடித்தேன். உனக்குப் பின்னால் சேலைக்கடைப் பலகையின் எழுத்துகள் நேராகத் தெரிந்தன. முன்னால் நீ இஞ்சாலை சிரித்தாய். அம்மா தொட்டுக் காட்டிய அதே ஓரம்.

அன்றைக்கு அவசரத்தில் துண்டைப் பக்கம் மாற்றிச் செருகியிருக்கிறேன். கடைப் பலகை மாறி விழுந்திருக்கும். அதைத்தான் நீல வானம் போட்டு அழித்தேனே. இடம் வலம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் என் கையாலேயே துடைத்துவிட்டு, மேகத்துக்கு நடுவில் உன் தலையை மட்டும் வைத்தேன்.

எனக்கு ஏன் அது தெரியவில்லை என்று அன்றைக்கே விளங்கிவிட்டது. இத்தனை வருடம் உன் முகத்தை நான் அதிகம் பார்த்தது குளியலறைக் கண்ணாடியில். நீ முன்னால் நின்று சீப்பால் தலை இழுப்பாய், நான் பின்னால் நின்று பல் தீட்டுவேன். “டேய், உன்ர மூஞ்சையைக் கொஞ்சம் தள்ளு. கண்ணாடி வெடிச்சிடும்.” திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தே சண்டை பிடிப்போம். ஆகவே அந்தப் படம் எனக்குச் சரியாகவே இருந்தது. உனக்கும் இருந்திருக்கும். நீ உன்னை எப்படிப் பார்த்தாயோ அந்த முகத்தைத்தான் நான் சுவரில் மாட்டியிருக்கிறேன். நீயும் நானும் மட்டும் கண்ட அக்கா. அம்மா கண்டே இராத ஒருத்தி.

உடனே அம்மாவை எழுப்பிச் சொன்னேன் என்று நினைக்கிறாயா? இல்லை. பதினொரு நாள் சொல்லவில்லை. சொன்னால் எல்லாருக்கும் தெரியவரும் என்ற வெட்கம். அதைவிடப் பயம். மாத்திரை போட்டு அமைதியாக இருக்கிற ஒருவரிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி, நான் உங்களை விசரி ஆக்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பதினொரு நாளும் காலையில் நானே மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வாங்கிப் போட்டுக்கொண்டார். நன்றி வேறு சொன்னார். அதை உன்னிடம் மறைத்து என்ன பயன்?

பன்னிரண்டாம் நாள் கிளினிக்கில் இருந்து திகதி குறித்துக் கடிதம் வந்தது. அம்மாவின் பெயர், கீழே ‘துணைக்கு வருபவர், மகன்’ என்று என் பெயர். அதற்குப் பிறகு ஏலவில்லை.

வெள்ளிக்கிழமை சித்தி அம்மாவை வற்புறுத்தி வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் லீவு போட்டேன். நெகட்டிவை மூன்று தரம் சரிபார்த்துச் செருகினேன். ஒன்றையும் வெட்டவில்லை, அழிக்கவில்லை. சேலைக்கடை, யாரோ ஒருவருடைய தோள், உன் கையில் பாதி ரோல்ஸ், உன் பழைய குளிர்ச்சட்டை, எல்லாம் அப்படியே. சட்டத்தில் இருந்த படத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டு மாட்டினேன். என் கண்ணுக்கு அது நீயாகவே இல்லை, அக்கா. உன் சாயலில் ஒரு சொந்தக்காரப் பெண் மாதிரி இருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உடம்பில் தெரிந்தது.

பின்னேரம் கதவு திறந்தது. சித்திதான் முதலில் வந்தார். “என்னடா, வானத்தைக் காணேல்லை? படம் அதே படந்தானே, இதை ஏன் மாத்தினனீ? சாமியெண்டு விளக்கு வைக்கிற இடத்திலை ரோல்ஸ் என்னத்துக்கு?” என்றார்.

அம்மா குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். கழற்றின ஒரு செருப்பு கையிலேயே இருந்தது.

படத்துக்கு நேரே போய் நின்றார். பிறகு, “எடியே” என்றார். “எங்கையடி போனனீ இவ்வளவு நாளும்?”

சித்தி என் கையைப் பிடித்தார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் தெளிவாக இருந்தது. ஒரு குழந்தை கேட்பது போல, உண்மையாகவே பதில் தெரியாமல் கேட்டார்.

“தம்பி, அப்ப இவளே செத்தது?”

என்ன சொல்ல, அக்கா? ஆஸ்பத்திரியில் இருந்து நீ போன செய்தியை அம்மாவுக்குச் சொன்னவர் சித்தி. எனக்கு வாய் வரவில்லை என்று தப்பிவிட்டேன். அந்தக் கடன் இப்போது என் முன்னால் நின்றது. “ஓம் அம்மா” என்றேன்.

செருப்போடு தரையில் இருந்துவிட்டார். ஒரு வருடத்துக்கு மேலாக வராத அழுகை வந்தது. அப்படி ஒரு சத்தத்தை எங்கள் அம்மாவிடம் நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஓடிவந்து கதவைத் தட்டினார். சித்தி அவரிடம் என்ன சொன்னாரோ, தொப்பியைக் கழற்றிவிட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். “செத்தது வேற ஆரோ ஒரு பிள்ளையெண்டு இருந்தன். என்ர பிள்ளை எங்கையோ நிக்கிறாள், கோவத்திலை வராமல் நிக்கிறாளெண்டு இருந்தன்” என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். பிழையான படம் அம்மாவை எதிலிருந்து காப்பாற்றி வைத்திருந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது. அதைத் திருத்தியது சரியா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அழுது முடிய நேரம் எடுத்தது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நெகட்டிவ், நீல வானம், டென்மார்க்குப் பெண், பதினொரு நாள். டொக்டரிடம் நான் சொன்ன ஒரு வரியையும் தமிழில் சொன்னேன்.

“அப்ப எனக்கு விசரில்லை.”

“இல்லை அம்மா. என்னிலைதான் பிழை.”

“அது எனக்குத் தெரியும்” என்றார். தேத்தண்ணியை ஊதினார். பிறகு கேட்டார், “அந்தப் பிள்ளையை என்ன செய்தனீ?”

“எந்தப் பிள்ளை?”

“சுவரிலை இருந்தவ. குப்பைக்குள்ளை போட்டுடாதை. இவ்வளவு நாளும் எங்களோடை இருந்த பிள்ளை.”

போடவில்லை, அக்கா. என் அறையில் இருக்கிறாள். மேசைக்கு மேலே, நீல வானத்தோடு. சில வேளை தலை நிமிர்ந்தால் நீ கண்ணாடிக்குள் இருந்து பார்க்கிற மாதிரி இருக்கும். இப்போது நீ எனக்குப் பின்னால் நின்று தலை இழுக்கிற சத்தம்கூட வரும் போல இருக்கும். முதுகு கூசத்தான் செய்கிறது. ஆனால் பின்கதவால் போவதில்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் அந்தக் கல்வெட்டு இருந்தால் எறிய வேண்டாம். அட்டையை ஒரு கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். அங்கே தெரிகிறவள்தான் எங்கள் அம்மா பெற்றவள். அம்மாவைப் பற்றி நான் போனில் சொன்னதெல்லாம் பொய். கோயிலில் கண்டால் பாவம் பார்க்கிற மாதிரிப் பார்க்காதீர்கள்.

உனக்குக் கடைசியாக ஒரு செய்தி. வியாழக்கிழமை திரும்ப டொக்டரிடம் போகிறோம். எழுதி வைத்ததைத் திருத்தச் சொல்ல வேண்டும். மாத்திரையை எப்படி நிறுத்துவது என்றும் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யட்டுமா என்று கேட்டேன். “ஒருத்தரும் வேண்டாம். நானே சொல்லுவன்” என்றார் அம்மா. மூன்று நாளாகக் குசினியில் நின்று ஆங்கிலத்தில் பாடமாக்குகிறார். “டொக்டர், போட்டோ றோங். ஐ அம் ரைட்.” பிறகு, “மை சன், வெரி ஹரி” என்கிறார். அதுவும் வேண்டுமா என்று கேட்டேன். கட்டாயம் வேண்டுமாம். நெகட்டிவையும் நேராக்கின படத்தையும் தன் கைப்பைக்குள் வைத்துவிட்டார். என்னிடம் தரமாட்டாராம்.

நானும் கூடப் போவேன். பக்கத்தில் இருப்பேன். அன்றைக்கு முழுநாள் லீவு போட்டிருக்கிறேன். எவ்வளவு நேரம் எடுத்தாலும், எத்தனை சொல் பிழைத்தாலும், டொக்டர் என் முகத்தைப் பார்த்தாலும், அம்மா தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். இது உனக்குச் சத்தியம்.

உன்னை அவசரத்தில் அனுப்பிவைத்த,
உன் ஒரே தம்பி